ஒன்றரை முடிச்சு

எங்கள் ஓடைக்கரைப்பேரியில் முட்டாள்கள் யாரும் இல்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நீங்கள் பக்கத்து ஊரில் விசாரிப்பீர்கள். எனக்குப் பெண் கொடுக்கக் கிளம்பியவர்கள் எல்லாரும் அங்கே விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனவர்கள்தான். நாற்பது வயதில் உலகம்மாள் என்ற மகராசி என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். தேதி குறித்து, தாலிக்குப் பொன்னும் உருக்கினோம். அந்த நேரம் பார்த்துக் கொரோனா வந்தது.

உடனே ஊரில் ஒரு கமிட்டி போட்டார்கள். ஆவுடையப்பன் அண்ணாச்சி தலைவர். மாசானம், குத்தாலம், அப்புறம் நான். எங்களை ஏன் போட்டார்கள் என்றால், மற்றவர்கள் எங்களைவிட மோசம்.

சுகாதார நர்ஸ் ரூபி சிஸ்டர் ஸ்கூட்டரில் வந்தார். "எல்லாரும் மாஸ்க் போட வேண்டாம். இருமல், காய்ச்சல் உள்ளவங்க போட்டாப் போதும்" என்றார். சரி என்றோம். கொஞ்ச நாளில் திரும்பவும் வந்து, "இனிமே எல்லாரும் போடணும்" என்றார்.

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "போன தடவை வேண்டாம்னு சொன்னது யாரு?"

"நான்தான். நோய் புதுசு அண்ணாச்சி. தெரியத் தெரியத்தான் சொல்லுதோம்."

"அப்பம் அன்னைக்குத் தெரியாமலா சொன்னிய?"

சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். கமிட்டி கூடியது.

"முத சொன்னது பொய்யா, இப்பம் சொன்னது பொய்யா?" என்று கேட்டான் மாசானம்.

"ரெண்டையும் சொன்னது ஒரே ஆளு. ஒண்ணு பொய்னா இன்னொண்ணை எப்படி நம்ப?" என்றான் குத்தாலம்.

அண்ணாச்சி மீசையைத் தடவினார். "ரெண்டையும் நம்பாண்டாம். ரெண்டையும் தள்ளவும் வேண்டாம். நடுவுல நிப்போம்."

மாஸ்க் போடுவதற்கும் போடாமல் இருப்பதற்கும் நடு எது என்று தேடினோம். கண்ணாடி முன்னால் நின்று குத்தாலம்தான் கண்டுபிடித்தான். தாடை. அன்று முதல் ஊரே மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டது. பிறகு ஒருநாள் டவுனுக்குப் போனால், அங்கேயும் பாதிப் பேர் அப்படித்தான் மாட்டியிருந்தார்கள். எங்கள் கமிட்டியின் பேர் அவ்வளவு தூரம் போயிருக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை.

அடுத்து, "வீட்டை விட்டு வெளிய வராதீங்க" என்றார் சிஸ்டர். அப்புறம் வந்து, "அடைச்ச வீட்டுக்குள்ள கூட்டமா இருக்காதீங்க, வெளிக்காத்து நல்லது" என்றார். நாங்கள் யோசிக்கவே இல்லை, நேரே போய் அவரவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டோம். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. சோறு பொங்க உள்ளே போகவேண்டியவளும், மாட்டை அவிழ்க்க வெளியே போகவேண்டியவனும் ஒரே படியில் இடித்துக்கொண்டு கிடந்ததில், வரிசையாகக் காய்ச்சலில் படுத்தோம்.

"பாத்தியளா, அந்தம்மா பேச்சைக் கேட்டதாலதான் வந்தது" என்று பாயில் கிடந்தபடி மாசானம் சொன்னான். எனக்கும் அது சரியென்றே பட்டது.

காய்ச்சல் தெளிந்தபோது என் கல்யாணத் தேதி நெருங்கிவிட்டது. கல்யாணமே நடத்தக் கூடாது என்று சொல்லியிருந்த சிஸ்டர், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வந்தார். "ஆளைக் குறைச்சு நடத்திக்கிடலாம்னு உத்தரவு வந்திருக்கு" என்று எனக்கு வாழ்த்தும் சொன்னார். நான் மட்டும்தான் சந்தோஷப்பட்டேன். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"கூடாதுன்னாவ. இப்பம் கூடும்கிறாவ" என்றார் அண்ணாச்சி. "சொரிமுத்து, நீ வருத்தப்படாத. பாதிக் கல்யாணம் பண்ணிருவோம்."

"பாதிக் கல்யாணம்னா?"

"தாலிக்கு எத்தனை முடிச்சு?"

"மூணு."

"ஒண்ணரை போடு."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் அம்மன் கோயில் வாசலில் மேளம் கொட்ட, முதல் முடிச்சை நான் போட்டேன். மற்ற இரண்டையும் மாப்பிள்ளையின் அக்காள் போடுவது எங்கள் வழக்கம். அக்காள் ஒன்றை ஆரம்பித்து, கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிப் பாதியில் கையை எடுத்துவிட்டாள். புது மஞ்சள் கயிறு, ஒன்றரை முடிச்சில் நிற்குமா? நெகிழ்ந்து நெகிழ்ந்து தாலி இறங்க ஆரம்பித்தது.

உலகம்மாளின் அப்பா எழுந்துவிட்டார். "தாலி மட்டும் எம்மவ கழுத்தை விட்டு இறங்கிச்சு, இப்பமே அவளைக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் இந்த ஊருப் பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டோம்."

எனக்கு உயிரே போய்விட்டது. இவளும் போய்விட்டால் எனக்கு வேறு யார் பெண் கொடுப்பார்கள்? பாய்ந்து போய், அவள் பிடரிக்குப் பின்னால் கயிற்றின் இரண்டு நுனியையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"மிச்சத்தையும் போட்டுரட்டா?" என்று அக்காள் கேட்டாள்.

"போடாத. கடைசி உத்தரவு வரட்டும்" என்றார் அண்ணாச்சி.

மாமனார் மகள் கழுத்தைப் பார்த்தார். தாலி இருந்தது. மறுபடி உட்கார்ந்து பாயசம் கேட்டார்.

அன்றிலிருந்து உலகம்மாள் போகுமிடமெல்லாம் நானும் பின்னாலேயே போனேன். தண்ணீர்க் குழாய்க்கு, கடைக்கு, கோழி பிடிக்க. எனக்குக் கை ஒழியாததால் தோளுக்கு மேலே கையைத் திருப்பி அவளே சோறு ஊட்டினாள். பாதிச் சோறு என் காதுக்குப் போகும்.

"கட்டிக்கிட்டா மாப்பிள்ளை கூடவே இருப்பாருன்னு அப்பா சொன்னாவ. இம்புட்டுக் கிட்டயான்னு சொல்லல" என்று பெருமூச்சு விடுவாள். தெருப் பெண்களோ என்னைக் காட்டித் தங்கள் புருஷன்மாரைத் திட்டினார்கள்.

ஒருவழியாக ஒருநாள் சிஸ்டர் வந்தார். "இனிமே எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. எல்லாத்தையும் எடுத்தாச்சு" என்றார். நான் அழுதேவிட்டேன். மிச்ச முடிச்சைப் போட அக்காளைக் கூப்பிடலாம் என்று திரும்பினால், அதற்குள் கமிட்டி கூடியிருந்தது.

"கட்டுப்பாடு இருக்குன்னாவ. இப்பம் இல்லைங்கிறாவ" என்றார் அண்ணாச்சி. நெடுநேரம் யோசித்தார். பிறகு, என் ஒரு கையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

எடுத்துக்கொண்டேன். இந்தக் கதையை அந்தக் கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கணும், உலகம்மாள் மாவு ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.