உடைந்த ஊசிமுனை

ஈரோட்டுப் பக்கம் ஒரு சட்டைக் கம்பெனி. அங்கே வேடியம்மாளுக்குக் காலர் தைக்கிற வேலை. மூன்று வருஷமாகக் காலர், காலர், காலர்தான். கை தைக்க ஒருத்தி, பாக்கெட்டுக்கு ஒருத்தி. முழுச் சட்டையைப் பார்க்க மாடிக்குத்தான் போகணும். தைக்கிறவர்களுக்கு அங்கே என்ன வேலை? விடமாட்டார்கள்.

கொஞ்ச நாளாக அவளுக்குக் கையே ஓடவில்லை. "சனிக்கிழமைக்குள்ள எண்ணிக்கை வரலைன்னா வேற எடம் பாத்துக்க அம்மணி" என்று சூப்பர்வைசர் பழனியப்பன் சொல்லிவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சாமான்கள் கூடிப் பேசின.

"பயம் பத்தலை. நான் முறைச்சா தன்னால ஓடுவா" என்றது சுவர்க் கடிகாரம்.

"அட போய்யா! எம்மேல அவ பேரை எழுதி ஒரு பரிசு குடுக்கச் சொல்லு, அப்புறம் பாரு" என்றது போனஸ் பலகை.

பெரிய மேதாவிகள்! ரெண்டும் ஒரு நாளாவது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்குமா?

தையல் மெஷின் மெதுவாகச் சொன்னது: "ஒவ்வொரு காலரையும் முடிச்சதும் தன் கழுத்துல வெச்சுப் பாக்குறா. பெருமூச்சு விட்டுட்டுக் கூடையில போடுறா. அது சட்டையானா எப்படி இருக்கும்னு பாக்கணும் அவளுக்கு. அந்த ஏக்கம்தான்."

"எனக்கும்தான்" என்றது ஊசி. "எத்தனை ஆயிரம் காலர்ல ஏறி எறங்கிருப்பேன்! ஒரு சட்டையைக் கண்டதில்லை. நான் உடைஞ்சிடறேன்."

"பைத்தியமா உனக்கு? உசுரு போயிடும்!" என்றது மெஷின்.

"போனாப் போகுது."

அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. உடைந்த ஊசியின் துண்டு முழுசும் கிடைத்தாகணும். இல்லாவிட்டால் தைத்தவளே மாடிக்குப் போய், ஒவ்வொரு சட்டையாகத் தடவித் தேடணும்.

சனிக்கிழமை காலையில் ஊசியின் முனை மட்டும் உதிர்ந்து ஒரு காலருக்குள் ஒளிந்துகொண்டது. வேடியம்மாள் கவனித்தபோது கூடை கைமாறிப் போய், காலரெல்லாம் சட்டையாகியிருந்தது. எண்ணிக்கை போச்சே, வேலை போச்சே என்று அழுதுகொண்டே மாடி ஏறினாள்.

அங்கே நீள மேஜை நிறையச் சட்டைகள். ஐந்தாவது சட்டையிலேயே முனை விரலைக் குத்தியது. எடுத்துவிட்டு, சட்டையை விரித்துப் பிடித்தாள். வெளிர்நீலம். காலர் விறைப்பாக நின்றது.

"ஆத்தாடி, நான் தச்சதா இது!"

"துண்டு கெடச்சுதா அம்மணி? நேரமாகுது!" கீழிருந்து கத்தினார் பழனியப்பன்.

முனையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

"இன்னும் இல்லீங்கண்ணா."