முத்திரை வைக்காத வயிறு

முன்னொரு காலத்திலே ஒரு நாட்டைக் கொள்ளைக் காய்ச்சல் தின்றுகொண்டிருந்தது. சுடுகாட்டில் விறகு தீர்ந்துபோயிற்று. அரசனின் இளைய மகளும் போய்விட்டாள்.

காய்ச்சலுக்கு மருந்து இருந்தது. அதற்கு மலைக்குடியினரின் வேரும், அண்டை நாட்டுச் செந்தூரமும் வேண்டும். வேரைத் தந்தவர்கள், "இது சேர்ந்த மருந்தின் செய்முறை முழுவதையும் கேட்பவர்க்கெல்லாம் சொல்ல வேண்டும்" என்று ஓலை எழுதி வாங்கினார்கள். செந்தூரம் தந்தவர்களோ, "இது சேர்ந்த மருந்தின் செய்முறையை எவருக்கும் சொல்லலாகாது" என்று எழுதி வாங்கினார்கள். அரசன் படிக்காமலே இரண்டிலும் முத்திரை வைத்துவிட்டான்.

இரண்டு ஓலையையும் படித்த அரண்மனை வைத்தியர் திருக்காளத்தி, "கலந்தால் ஒரு வாக்கு பொய்க்கும், படை வரும்" என்று அடுப்பை அணைத்தார். அவரைச் சிறையில் தள்ளினான் அரசன்.

அமைச்சர் தாண்டவராயருக்கு விகடகவி வெள்ளையம்பலத்தைக் கண்டால் ஆகாது. "அரசே, இதைத் தீர்க்க நம் விகடகவியை விட்டால் யார்?" என்றார்.

"நாளை அந்திக்குள் மருந்து வர வேண்டும். இரண்டு வாக்கும் நிற்க வேண்டும். தவறினால் உன் தலை நிற்காது" என்று விகடகவியிடம் சொன்னான் அரசன்.

வெள்ளையம்பலம் நேரே சிறைக்குப் போனான்.

"வைத்தியரே, ரெண்டையும் ஒண்ணாத்தான் காய்ச்சணுமா?"

"வேண்டாம்ப்பா. ஒரு நாழிகைக்குள்ள ரெண்டும் வயித்துல சேந்தாப் போதும்."

மறுநாள் அரண்மனை வாசலில் வேர்க் கஷாயம் கொதித்தது. அதன் செய்முறை கதவிலேயே எழுதித் தொங்கியது. தெருவின் எதிர்ப்புறம், பூட்டிய அறைக்குள் செந்தூரத்தைத் தேனில் குழைத்தார்கள். நோயாளிகள் இங்கே குடித்து, அங்கே நக்கிவிட்டுப் போனார்கள்.

தாண்டவராயர் பாய்ந்து வந்தார். "அரசே, இது ஏமாற்று! இரண்டும் வயிற்றில் சேராதா?"

"சேரும், அமைச்சரே. சேர்ப்பவன் நோயாளி. அவன் எந்த ஓலையிலும் முத்திரை வைக்கவில்லையே!" என்றான் வெள்ளையம்பலம்.

இரு தரப்புத் தூதர்களும் தத்தம் ஓலையைத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள். குறை சொல்ல ஒரு வரியும் அகப்படவில்லை.

அரசன் சிரித்தான். மகளைச் சிதையேற்றிய பிறகு அன்றுதான் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே விம்மலாயிற்று. கழுத்து மாலையைக் கழற்றி விகடகவியிடம் நீட்டினான்.

"மாலை வேண்டாம், அரசே. வைத்தியரை விடுங்கள்."

வெளியே வந்த திருக்காளத்தி கேட்ட முதல் கேள்வி, "நான் உள்ள இருந்த ஒம்பது நாள்ல எத்தனை பேர் போனாங்க?"

வெள்ளையம்பலம் அகப்பையை அவர் கையில் கொடுத்தான்.

"வாங்க, ஜனங்க காத்திருக்காங்க."