முதல் பெயிண்ட்

"வீட்டை விட்டேன், கடையை விட்டேன், மீசையைக்கூட எடுத்துட்டேன். இன்னும் ஏன் சாமி எனக்குச் சன்னியாசம் தரலை?"

கேட்டவர் பிச்சமுத்து. மடத்துக்கு வந்து மூன்று வருடமாகிறது. மாவரைப்பது முதல் மாடு குளிப்பாட்டுவது வரை எல்லாம் அவர் தலையில்தான். சுவாமிகளுக்கும் கிட்டத்தட்ட அவர் வயதுதான்.

சுவாமிகள் பிச்சமுத்துவின் துணிப்பையைச் சுட்டிக்காட்டினார்.

"அதுல என்ன?"

"பத்திரிகைங்க. பழைய காரைச் சரிபண்ணுறவங்க படிக்கிறது."

"உனக்குக் கார் இருக்கா?"

"இருந்ததே இல்லை. சைக்கிள்தான்."

"அப்புறம் எதுக்கு?"

"படிக்கிறதுக்குக் கார் எதுக்கு சாமி?"

சீடர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சுவாமிகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, படிச்சுத் தொலை. நாளைக்குக் காலையில ஆத்துக்கு வா, காவி தரேன். இனிமே உன் பேரு ஜோதிப்பிரகாசர்."

மூன்று வருடம் காத்துக் கிடந்த வார்த்தை. விழுந்து கும்பிட்டிருக்க வேண்டாமா? மனுஷன் அசையவே இல்லை.

"காவி கொடுங்க. பேரு வேண்டாம்."

அந்த மடத்தில் அப்படி யாரும் பேசியதில்லை.

"பழைய பேரு போனாத்தான் சன்னியாசம். தெரியாதா உனக்கு?"

பிச்சமுத்து பையிலிருந்து ஒரு பத்திரிகையை உருவி விரித்தார். துருவேறி, பெயிண்ட் உரிந்த ஒரு கார். அதன் முன்னால் பழைய கார் போட்டியின் முதல் பரிசுக் கோப்பை.

"இந்த ஓட்டை வண்டிக்கா பரிசு?"

"பக்கத்துல நிக்கிறதைப் பாருங்க, பளபளன்னு இருக்கு. சுரண்டிட்டுப் புதுசா அடிச்சது. அதான் தோத்துடுச்சு. கம்பெனியில அடிச்ச முதல் பெயிண்ட் போச்சுன்னா, எத்தனை கோட் அடிச்சாலும் அது திரும்பி வராது. இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் சாமி."

"நீ என்ன காரா?"

"எனக்கு முந்திப் பொறந்தது எதுவும் தங்கலை. இதாவது தங்கட்டும்னு எங்கம்மா என்னைக் குப்பைமேட்டுல போட்டு, பக்கத்து வீட்டம்மாகிட்ட பிச்சையா வாங்கி வச்ச பேரு இது. இதைச் சுரண்ட விடமாட்டேன். நீங்களே ஆனாலும் சரி."

"அப்போ காவி இல்லை. கிளம்பு."

"கிளம்புறேன்."

பையைத் தோளில் மாட்டினார். இருந்த கோபத்தில் விரித்த பத்திரிகையை எடுக்கக்கூட மறந்துவிட்டார். திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டினார்.

சுவாமிகள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவில் பெயிண்ட் உரிந்த இடத்தை விரலால் தடவினார்.

"பிச்சமுத்து!"

அவர் நின்றார். சுவாமிகள் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"எனக்கு முந்திப் பொறந்ததும் தங்கலைடா. எங்கம்மா எனக்கு மண்ணாங்கட்டின்னு பேரு வச்சா. காவி கட்டினதுக்கு அப்புறம் அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை."

சீடர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"எங்கே, நீ ஒருதரம் கூப்பிடு."