தட்டு விழுந்தபோது

பெனிட்டாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. திருச்சி பாலக்கரையில் ஒரு மாடி அறையில் சைகை மொழி சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவர் நடிகர் இளம்பரிதி. பதினான்கு வருடமாகச் சினிமாவில் அடியாளாகவே வந்துபோனவர். முதல்முறையாக ஒரு முழு வேடம் கிடைத்திருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற, காது கேளாத தகப்பன்.

தன்னைவிடப் பத்து வயது இளையவரை அவர் டீச்சர் என்றுதான் அழைத்தார். பெனிட்டா அவருக்கு வைத்த பெயர், மீசையை முறுக்குவதுபோல் ஒரு சைகை. வகுப்பில் யார் அதைக் காட்டினாலும் மனிதர் குழைந்துபோவார்.

மூன்று மாதத்தில் கை நன்றாகப் பழகிவிட்டது. படப்பிடிப்புக்கு ஒரு வாரம் இருக்கையில், மகள் விடைபெறும் காட்சியை டீச்சர் முன் நடித்துக் காட்டினார். மகளாக நின்றவள் பெனிட்டாவின் தங்கை ஜெனோவா, காது கேட்பவள். காட்சியின் நடுவில் தகப்பனுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டு விழவேண்டும். விழுந்தது. இளம்பரிதிக்கு இமைகூட அசையவில்லை. அதற்காகவே வீட்டில் மனைவியைத் தட்டைக் கீழே போடச் சொல்லி நாள்கணக்கில் பழகியிருந்தார்.

"குறை ஏதும் உண்டா டீச்சர்?" என்று கையால் கேட்டார்.

பெனிட்டா தன்னோடு அங்கே பாடம் எடுக்கும் சகாயராஜைக் கூப்பிட்டார். அவருக்கும் காது கேட்காது. காட்சியை விளக்கி, தகப்பன் இடத்தில் அவரை நிற்கவைத்தார். இளம்பரிதி அதைத் தன் செல்போனில் படம்பிடித்தார்.

"போய்ச் சேர்ந்ததும் வீடியோவில் முகத்தைக் காட்டு" என்று சகாயராஜ் மகளிடம் கையால் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து பெனிட்டா தட்டைப் போட்டார். ஜெனோவாவின் கண் ஒரு நொடி அந்தப் பக்கம் போய்வந்தது. சகாயராஜ் உடனே திரும்பினார். தட்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, மகளிடம் வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஜெனோவா நிஜமாகவே அழுதுவிட்டாள்.

இளம்பரிதி பெனிட்டாவிடம் வந்து கையால் கேட்டார்.

"அவர் எப்படித் திரும்பினார்?"

"அவள் கண் போன இடத்துக்கு அவன் கண்ணும் போனது, மீசை."

"நான்?"

"தட்டு எப்போது விழும் என்று காது கொடுத்துக் காத்திருந்தீர்கள்."

சொல்லிவிட்டு, கசங்கியிருந்த அவர் சட்டைக் காலரைப் பெனிட்டா நிமிர்த்திவிட்டார்.

இரண்டு நாள் இளம்பரிதி வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் டைரக்டரிடம் போய், இந்த வேடம் சகாயராஜுக்குரியது என்று சொன்னார். வலிய வந்ததைக் காலால் தள்ளுகிறாயே என்று டைரக்டர் திட்டினார். சகாயராஜ் நடித்த வீடியோவைப் பார்த்தபின் குரல் தணிந்தது. ஆனாலும் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியோடு இளம்பரிதி நேரே பாலக்கரைக்கு வந்தார்.

பெனிட்டா முதலில் டீ கொடுத்தார். குடித்து முடித்ததும் இளம்பரிதி கேட்டார்.

"சகாயராஜ் இதுவரை நடித்ததே இல்லையே, கேமரா முன்னால் தாங்குவாரா என்கிறார் டைரக்டர். என்ன சொல்லட்டும் டீச்சர்?"

பெனிட்டா சிரித்தார்.

"நீங்கள் எல்லாரும் பேசுவது புரிந்ததுபோல் ஐந்து வயதிலிருந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறான். இன்றுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை என்று சொல்லுங்கள்."