கண்ணுக்குத் தெரியாத தடுப்பு

ஆனைக்குளம் ஜமீன்தாருக்கென்று பிச்சுவாக் கத்தி அடித்துக்கொண்டிருந்தாள் பட்டறைக்காரி சுடலி. அலகு முடிந்துவிட்டது. பிடிக்கும் அலகுக்கும் நடுவே மாட்டப் பித்தளைத் தடுப்பு ஒன்றை அராவிக்கொண்டிருந்தாள். கை வழுக்கினால் விரலைக் காப்பது அதுதான்.

எட்டிப் பார்த்த ஜமீன்தார் முகம் சுளித்தார். "பயந்தாங்கொள்ளிக்குப் போடுறதை எனக்குப் போடுறியா? தடுப்பு கண்ணுக்கே தெரியக்கூடாது. என் விரலும் அறுபடக்கூடாது. நாளைக்கு முடிக்கலைன்னா பட்டறையை இடிச்சிருவேன்."

மறுநாள் ஊரே கூடிவிட்டது. வெறும் பிடி போட்ட கத்தியை, எண்ணெய் சொட்டச் சொட்ட நீட்டினாள் சுடலி.

"நீங்க கேட்ட தடுப்பை மாட்டியாச்சு மகாராசா. வாங்குறவங்கதான் முதல் குத்து குத்தணும், அது பட்டறை வழக்கம். இந்தப் புளியங்கட்டையில ஓங்கிக் குத்துங்க."

ஜமீன்தார் ஓங்கினார். பிடி உள்ளங்கையில் நழுவியது. ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

"விரல் அறுபட்டுச்சா, மகாராசா?"

"இல்லை."

"உங்க கையை இப்போ பிடிச்சு நிறுத்துச்சே, அதுதான் கண்ணுக்குத் தெரியாத தடுப்பு. எல்லாருக்கும் பிறக்கும்போதே மாட்டியிருக்கு. என்ன, அதை மட்டும் வச்சுக்கிட்டுக் குத்த முடியாது."

ஜமீன்தார் தன் விரல்களைப் பார்த்தார்; கத்தியைத் திருப்பி அவளிடமே நீட்டினார்.

"அந்தப் பித்தளையையே போடு," என்றார். "கொஞ்சம் பெரிசாவே போடு."