அரசர் கையும் உடையாளின் அச்சுப்பலகையும்

அநியாயம் நடந்தது தச்சுப் பட்டறை நடத்திவந்த உடையாளுக்கு. செய்தவர் அரண்மனைப் பெருந்தச்சர் இளங்காரி. அதற்கு முத்திரை வைத்துக் கொடுத்தவர் அரசர் கொற்றவேள். அவளிடமிருந்து பறித்தது ஒரு மரப்பலகையை. ஒரு பலகைக்கா இவ்வளவு கோபம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

மரத்தோடு மரத்தை ஆணியில்லாமல் கோக்க, ஒன்றின் நுனியைக் கழுந்தாகச் செதுக்குவார்கள். அது நுழைவதற்கு மற்றதில் பொளி தோண்டுவார்கள். இரண்டும் ஒரே அளவாக இருந்தால்தான் பிடிக்கும். அந்த நாட்டில் அளவு என்றால் அரசரின் கை. அவர் மூன்று விரலைச் சேர்த்து வைத்தால் அது ஒரு கழுந்தின் அகலம். உடையாள் என்ன செய்தாள், அந்த அளவை ஒருமுறை கேட்டு வாங்கி, ஒரு தேக்குப் பலகையில் வெட்டி வைத்துக்கொண்டாள். பலகையை மரத்தின்மேல் வைப்பாள், ஓரத்தை ஒட்டிக் கோடு கிழிப்பாள், கோட்டோடு உளியை இறக்குவாள். அவள் பட்டறையில் யார் செதுக்கினாலும் யார் தோண்டினாலும் ஒரே தட்டில் உட்கார்ந்தது. இளங்காரி செய்த கதவுகளிலோ இடுக்குக்கு இடுக்கு ஆப்பு.

புது மண்டபத்தின் கூரை வேலை உடையாளுக்குப் போனது. இளங்காரிக்குத் தூக்கம் போனது. நேரே அரசரிடம் போய், உங்கள் திருக்கையை அந்தப் பெண் மரத்தில் வெட்டித் தரையில் போட்டிருக்கிறாள், கோழி மிதிக்கிறது என்று கண் கலங்கினார். உடையாளின் பெயர் அவருக்குத் தெரியும், சொல்லத்தான் வாய் வராது. கோழி மிதித்தது என்னவோ உண்மை. அரசருக்கு முகம் சிவந்தது. பலகை அரண்மனைக்கு வந்தது. இனி மண்டபத்துக்கான அளவு எல்லாம் தம் கையிலிருந்தே எடுக்கப்பட வேண்டும் என்று ஆணை போட்டார். அறுவடைத் திருநாளுக்குள் கூரை ஏறாவிட்டால் பட்டறை இளங்காரிக்கு.

ஆணையைச் சபையில் வாசித்தவள் அஞ்சுகம். ஓலை வாசிப்பது அவளுக்கு வேலை, வாதாடுவது பழக்கம். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் அன்று அவள் வாதாடவில்லை. அருமையான ஆணை, நானே முன்னின்று நிறைவேற்றுகிறேன் என்றாள். அங்கேயே அரசர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்தபோது படுக்கையறை வாசலில் தூலங்களோடு தச்சர்கள் நின்றார்கள், முன்னால் உடையாள். அரசர் கொட்டாவியோடு விரல்களைச் சேர்த்து வைத்தார். உடையாள் கோடு கிழித்தாள். தம் கையளவில் ஒரு கழுந்து பிறப்பதைப் பார்க்க அரசருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை பல் துலக்கும்வரை தாங்கியது. அதற்குள் அடுத்த தூலம் வந்துவிட்டது. தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று. கை கழுவிவிட்டு வருகிறேன் என்றவரை, ஈரத்தில் விரல் ஊறிவிடும், அளவு மாறிவிடும் என்று அஞ்சுகம் தடுத்தாள். அதே காரணம் சொல்லி எண்ணெய்க் குளியலையும் நிறுத்தினாள். பக்கத்து நாட்டுத் தூதர் வந்தபோது அரசரின் வலக்கை ஒரு மரத்தின்மேல் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று தூதர் மரத்துக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார்.

மாலையில் பொளிகளின் முறை வந்தது. அரசர் விரல்களை வைத்த நேரம் பார்த்துப் புறங்கையில் ஒரு கொசு உட்கார்ந்தது.

"அசையாதீர்கள், அரசே" என்றாள் அஞ்சுகம்.

அரசர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார், அல்லது பொறுத்ததாக நினைத்தார். உடையாள் அந்த விரல்களைப் பார்த்தாள், பிறகு அஞ்சுகத்தைப் பார்த்தாள். அஞ்சுகம் தலையசைத்தாள். விரல் இருந்த இடத்தில் கோடு விழுந்தது.

அடுத்த நாள் அரசர் முன்னிலையில் கழுந்தைப் பொளிக்குள் விட்டார்கள். வாயில் ஆடுகிற பல்லைப்போல் அது கடகடவென்று ஆடியது. இளங்காரிக்கு முகம் மலர்ந்தது. உளி பிடிக்கத் தெரியாதவளிடம் மண்டபத்தைக் கொடுத்தால் இப்படித்தான் என்றார்.

"உளி எங்கேயாவது கோட்டை விட்டு விலகியிருக்கிறதா, பெருந்தச்சரே? நீங்களே பாருங்கள்" என்றாள் அஞ்சுகம்.

அவர் குனிந்து பார்த்தார், சுற்றி வந்தும் பார்த்தார். எவ்வளவு பகை இருந்தாலும் அந்தக் கண் தச்சன் கண். "விலகவில்லை. அளவே தப்பு."

"அளவு யாருடையது?"

இளங்காரி வாயைத் திறந்தார். எதிரே அரசர் உட்கார்ந்திருந்தார். வாயை மூடிக்கொண்டார். தூலத்தைத் தடவிக்கொண்டே, "ராத்திரியில் மரம் சுருங்கியிருக்கும், அம்மா" என்றார்.

"கழுந்து சுருங்கியிருக்கிறது, பொளி விரிந்திருக்கிறது. ஒரே மரம், ஒரே ராத்திரி. அப்படித்தானே?"

அப்படியும் நடப்பதுண்டு என்று இளங்காரி தரையைப் பார்த்துச் சொன்னார்.

முதலில் சிரித்தவர் அரசர்தான். மரத்துப்போன கையை உதறிக்கொண்டே சிரித்தார். திருநாளுக்கு இன்னும் நாள் இருந்தது. கெட்டுப்போன தூலங்களுக்குப் பதில் மரம் இளங்காரியின் கிடங்கிலிருந்து போகட்டும் என்றார். பட்டறை உடையாளுக்கே, நாட்டிலுள்ள தச்சர்கள் எல்லோருக்கும் இதுபோல் பலகை செய்து கொடுக்கும் உரிமையும் அவளுக்கே என்றார். பறித்த பலகையைப் பெருந்தச்சரே தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

சபை கலைந்தது. அரசர் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒரு சங்கடம் பாக்கியிருந்தது.

"எல்லாம் சரி, அஞ்சுகம்" என்றார் தணிந்த குரலில். "இருந்தாலும் அது என் கை இல்லையா? மறுபடியும் கோழி மிதிக்குமே."

"மிதிக்கட்டும், அரசே" என்றாள் அவள். "கோழி ஏறி நின்றாலும் அந்தக் கை அசைவதில்லை. இந்தக் கை ஒரு கொசுவுக்கே விரிந்துவிட்டது."