நாற்பத்தாறும் பச்சை

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யருக்கு ஐம்பத்தாறு; ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த அலுவலகத்தில் இதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை.

சிஷ்யர் பெயர் ஆரோக்கியதாஸ். கடலோரத்தில் நாற்பத்தாறு ஊர்களில் புயல் பாதுகாப்பு மையங்களைப் பராமரிக்கிற ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட மேலாளர். குரு மெஹருன்னிசா, அதே அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு. ஷீட் போட அவள் கற்றுக்கொடுத்த முதல் நாளே அவர் கையெடுத்துக் கும்பிட்டு "குருவே" என்றார். விளையாட்டாகச் சொன்னது, அப்படியே நின்றுவிட்டது.

போன வருஷப் புயலில் சாவடிமேட்டு மையம் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் மகள் வீட்டுக்குத் திருப்பூர் போயிருந்தார். தொண்ணூறு பேர் கொட்டுகிற மழையில் கதவுக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்றார்கள். கடைசியில் கடப்பாரையால் பூட்டை உடைத்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை, ஆண்டவர் கிருபை. ஆனால் மறுநாள் ஆரோக்கியதாஸ் போய் நின்றபோது, இடுப்பில் காய்ச்சல் பிள்ளையோடு ஒரு பெண், "கட்டிடமெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தச் சொல் மனுஷரை ஒரு வருஷமாகக் குடைந்துகொண்டே இருந்தது.

அதனால்தான் இந்த ஷீட். யாருக்கு என்ன வேலை, எந்தத் தேதிக்குள் என்று பார்த்துக்கொள்ள நிறுவனம் ஒரு மென்பொருள் வாங்கியிருந்தது. அதற்குள்ளேயே ஒரு ஷீட்டும் இருந்தது. ஊருக்கு ஒரு வரி. கூரை, தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், சாவி யாரிடம், அவர் போன் நம்பர் என்று வரிசையாகக் கட்டங்கள். ஆரோக்கியதாஸ் ஒவ்வொரு கட்டத்துக்கும் தலையில் ஒரு நட்சத்திரம் போடச் சொன்னார். நட்சத்திரம் போட்ட கட்டத்தைக் காலியாக விட்டால் ஷீட் சேமிக்க விடாது. எல்லாம் நிரம்பினால் அந்த வரி பச்சையாகும்; ஒன்று காலியானாலும் சிவப்பு.

புதன்கிழமை காலையில் நாற்பத்தாறு வரியும் பச்சை. வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு என்று அன்றைக்குத்தான் செய்தியும் வந்தது. எல்லா மையமும் தயார் என்று வெள்ளிக்கிழமை காலைக்குள் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

பேனாவைத் திறந்தார். மூடிவிட்டு மெஹருன்னிசா மேஜைக்குப் போனார்.

"குருவே, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க சார்."

"நாப்பத்தாறும் பச்சை. ஆனா மனசு ஆறவே மாட்டேங்குது. எதனால?"

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"ஒரு ஊர் சொல்லுங்க."

"சாவடிமேடு."

"அங்க நீங்களே ரெண்டு தடவை போயிட்டு வந்தீங்க. போகாத ஊர் ஒண்ணு."

"வடக்குத்துறை."

ஷீட்டில் வடக்குத்துறை வரியைத் திறந்தாள். சாவி: தனவேலு. பக்கத்தில் பத்து இலக்க எண். அவள் தன் போனை எடுத்து, அந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

ஆரோக்கியதாஸின் சட்டைப்பையில் மணி அடித்தது.

"ஒரு நிமிஷம்மா, யாரோ கூப்பிடறாங்க." கண்ணாடி போடாமல் அவருக்கு நம்பர் தெரியாது. காதில் வைத்தார். "ஹலோ, ஆரோக்கியதாஸ் பேசறேன்."

'ஹலோ, ஆரோக்கியதாஸ் பேசறேன்' என்றது மேஜை மேலிருந்த போன்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் தாங்கியிருக்கமாட்டார்.

முகம் சிவக்க, வடக்குத்துறையைப் பார்த்துக்கொள்ளும் களப்பணியாளர் பூமயிலை அங்கிருந்தே போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, சாவி நம்பர்ல என் நம்பரையா போடுவ? உனக்கு விளையாட்டா இருக்கா?"

"சார், மூணு தடவை போனேன் சார். தனவேலு வெளியூர் போயிட்டாரு. சாவியை யாருகிட்ட குடுத்தாருன்னு அவர் வீட்லயும் தெரியல."

"காலியா விட வேண்டியதுதானே?"

"விட்டா சேவ் ஆகல சார். பத்து நம்பர் கேட்டுது. பொய் நம்பர் போட மனசு வரல. எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது உங்க நம்பர் ஒண்ணுதான். ஏதாச்சும்னா எப்படியும் உங்களைத்தானே கூப்பிடுவாங்கன்னு…"

"தெரியலைன்னு சொல்லித் தொலைக்கறதுதானே!"

"சொல்றதுக்கு அதுல இடம் எங்க சார் இருக்கு?"

போனை வைத்தார். மெஹருன்னிசா தேடுகிற பெட்டியில் அவர் நம்பரைத் தட்டிக் காட்டினாள். பதினோரு வரி வந்து நின்றது. ஷீட்டின்படி பதினோரு மையத்தின் சாவியும் ஆரோக்கியதாஸிடம்தான் இருந்தது.

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பதினொன்றையும் விரல் வைத்து எண்ணினார். பிறகு மேலாளர் புத்தி விழித்துக்கொண்டது.

"இன்னொரு கட்டம் சேர்த்திடலாம்மா. சாவியைப் போட்டோ எடுத்து ஏத்தணும். அதுக்கும் நட்சத்திரம். அப்ப யாரும் ஏமாத்த முடியாதுல்ல?"

"சேர்த்திடலாம் சார்."

ஒரு நிமிஷத்தில் சேர்த்தாள். வடக்குத்துறை வரியிலிருந்து பச்சை போனது.

"சார், உங்க வீட்டுச் சாவி இருக்கா?"

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை. அவள் அதை மேஜைமேல் வைத்து ஒரு போட்டோ எடுத்தாள். புதிய கட்டத்தில் ஏற்றினாள்.

"வடக்குத்துறை திரும்பப் பச்சையாயிடுச்சு சார்" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஆரோக்கியதாஸ் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். பக்கத்து அறையில் யாரோ வானிலைச் செய்தியைச் சத்தமாக வைத்திருந்தார்கள். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்றது.

"அந்த நட்சத்திரத்தையெல்லாம் எடுத்துடும்மா."

அவள் மவுஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவரே எடுத்தார். ஒவ்வொன்றாக. எத்தனை ஆசையாகப் போடச் சொன்னது! போட்டோ கட்டத்தையும் நீக்கினார். பிறகு களப்பணியாளர்கள் எல்லோருக்கும் ஒரு செய்தி அடித்தார். 'ஷீட்டில் நேரில் பார்த்ததை மட்டும் வையுங்கள். தெரியாததைக் காலியாக விடுங்கள்.' அனுப்பப் போனவர் நிறுத்தி, இன்னொரு வரி சேர்த்தார். 'நான் திட்டமாட்டேன்.'

பதினோரு மணிக்குப் பூமயிலின் வரி சிவப்பானது. அப்புறம் ஒன்று, அப்புறம் இரண்டு. சாவி மட்டுமா? ஒரு ஊரில் ஜெனரேட்டரை யாரும் ஓட்டியே பார்க்கவில்லை. இன்னொரு ஊரில் தொட்டிக்குக் குழாய் வரவில்லை. கட்டங்கள் காலியாகக் காலியாக அவர் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்து வியர்த்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. எண்ணிக்கை பத்தொன்பதில் வந்து நிற்கும்போது மணி இரண்டு.

எழுந்து மறுபடி அவள் மேஜைக்கு வந்தார்.

"காலையில நாப்பத்தாறும் பச்சையா இருந்துச்சேம்மா. நான் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். இப்பப் பாரு, பத்தொன்பது சிவப்பு. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. ஒரு வருஷ வேலையை அரை நாள்ல நானே கெடுத்துக்கிட்டேனா?"

மெஹருன்னிசா இழுப்பறையைத் திறந்து அலுவலக ஜீப்பின் சாவியை எடுத்தாள். அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"காலையில நாப்பத்தாறு ஊருக்கும் போக வேண்டியிருந்துச்சு சார். இப்பப் பத்தொன்பதுக்குப் போனாப் போதும்."